பொருளும் பற்றும்: ஜான் பனியன் கண்ட இல்லறத் துறவு

தமிழில் 'பொருள்' என்னும் சொல்லுக்குள்ள பெருமை, செல்வத்தைக் குறிக்கும் பிறமொழிச் சொற்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. செல்வமும் பொருள், சொல்லால் உணர்த்தப்படும் கருத்தும் பொருள், உண்மை மெய்ப்பொருள், இறைவன் பரம்பொருள். தொல்காப்பியர் எழுத்தும் சொல்லும் ஓதிய பின்னர் மூன்றாவதாக வைத்த அதிகாரமும் பொருளே. வள்ளுவர் முப்பாலுள் நடுவணதாகிய பொருட்பாலுக்கு எழுபது அதிகாரங்களை வகுத்தளித்தார். இத்தகைய சொல்லை இழிந்த ஒன்றற்குப் பெயராக்குதல் தமிழில் எளிதன்று. கிறித்தவத் திருமறையைத் தமிழில் பெயர்த்தோர்க்கு இவ்விடர்ப்பாடு நேர்ந்தது. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், ஒருவன் இரு தலைவர்க்கு ஊழியம் புரிய இயலாது என்று இயேசு பெருமான் கூறுமிடத்து, இரண்டாம் தலைவனாகச் சுட்டப்படுவது 'மம்மோன்' என்னும் அரமேயச் சொல். ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பெயர்ப்பு அதனைப் பெயர்க்காமலே விட்டுவிட்டது. 1871-இல் வெளிவந்த தமிழ்த் திருமறையோ 'உலகப்பொருள்' என்றது. பொருள் என்று மட்டும் கூறியிருப்பின் தமிழர் செவிக்கு அது பழிப்பாகத் தோன்றியிராது. 'உலக' என்னும் அடையே அதனை இறைவனுக்கு எதிர்நிற்கும் தலைவன் ஆக்கியது.

பொருளினும் விசுவாசத்தை முன்வைத்தல் என்றவுடன் தமிழ் கற்றார் உள்ளத்தில் எழுவது துறவியின் உருவமே. வள்ளுவர் துறவைத் துறவறவியலிலும் பொருள்செயல்வகையைப் பொருட்பாலிலும் வைத்தார். இரண்டற்கும் இடையே நாற்பது அதிகாரங்கள் கிடக்கின்றன. மணிமேகலை துறவுக்கோலம் பூண்டாள். பட்டினத்தார் பெருஞ்செல்வத்தை விடுத்து வெளியேறினார் என்பது மரபு. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் வறுமை நோன்பு பூண்ட இயேசு சபைத் துறவியே. பொருளீட்டுவான் ஒருவன், துறப்பான் மற்றொருவன். அன்றி, ஒருவனே ஆயினும் ஈட்டும் பருவம் ஒன்று, துறக்கும் பருவம் மற்றொன்று. இவ்வாறு ஆளாலோ காலத்தாலோ இரண்டும் பிரித்து வைக்கப்பட்டமையால், இரண்டும் மோதிக்கொள்ளும் இடம் நம் நூல்களில் பெரும்பாலும் ஒரு வாயிற்படியாகவே காணப்படுகின்றது. அதனைக் கடந்தவன் திரும்பி வருவதில்லை.

வாயிற்படியைக் கடக்காமல், மனையிலேயே இருந்துகொண்டு, மனைவி மக்களோடும் தொழிலோடும் கடனோடும் வாழ்பவன் ஒருவன் பொருளினும் விசுவாசத்தை மேலாகக் கொள்வது எங்ஙனம்? பதினாறாம் நூற்றாண்டில் மேலை நாட்டுச் சீர்திருத்தச் சமயத்தார்க்கு இவ்வினா தவிர்க்கவொண்ணாததாயிற்று. இங்கிலாந்தில் 1536 முதல் 1540 வரையுள்ள சில ஆண்டுகளில் எட்டாம் ஹென்றி மன்னன் துறவியர் மடங்களை யெல்லாம் கலைத்தான். அவன் நோக்கம் சமயத்தூய்மை என்பதினும் மடங்களின் நிலமும் பொன்னுமே என்று கொள்ளுதல் பிழையாகாது. நோக்கம் யாதாயினும், துறத்தற்கெனத் தனியிடம் அந்நாட்டில் இல்லாது போயிற்று. துறவு அழிந்துவிட்டதா, இல்லத்திற்குள் புகுந்துகொண்டதா என்பதே ஈண்டு நாம் ஆராய விழைவது. இதற்கு ஜான் பனியனின் வாழ்வையும் நூலையும் எடுத்துக்கொள்கின்றோம்.

பனியன் தமிழுலகிற்குப் புதியவர் அல்லர். நெல்லைக்கு அண்மையிலுள்ள கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடியில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, பனியனின் நூலைத் தழுவியே இரட்சணிய யாத்திரிகத்தை யாத்தார். 1894-இல் நூலாக வெளிவந்த அப்பெருங்காப்பியத்தின் கம்பச் சுவையைப் பற்றி நம்மவர் மிகுதியும் எழுதியுள்ளனர். முதனூலாசிரியர் எத்தகைய வாழ்வினர், அவர் நெஞ்சை வருத்திய சிக்கல் யாது என்பதைப் பற்றி எழுதியவர் குறைவு. காப்பியத்தின் அணிநலத்தில் ஆழ்ந்தவர்க்கு, அதன் வேர் ஒரு கன்னானின் பட்டறையில் ஊன்றியிருப்பது மறந்துபோதல் இயல்பே.

பனியன் 1628-இல் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஓட்டைப் பாத்திரங்களைப் பற்றவைத்துச் செப்பனிடும் தொழிலினர். மகனும் அத்தொழிலையே மேற்கொண்டார். பனியன் பெயரும் 1647 என்னும் ஆண்டும் பொறித்த இரும்புப் பட்டடைக்கல் ஒன்று பிற்காலத்தே கிடைத்தது. ஊர் ஊராகச் செல்லுங்கால் அதனையும் சுமந்து சென்றிருக்கவேண்டும். முதன் மனைவியாரை மணந்தபொழுது இருவருக்குமிடையே ஒரு தட்டோ கரண்டியோகூட இல்லாத வறுமை என்று தம் வரலாற்றில் அவரே எழுதியுள்ளார். அவ்வம்மையார் தந்தை வீட்டிலிருந்து கொணர்ந்த சீர் இரண்டு புத்தகங்கள். ஒன்று ஆர்தர் டெண்ட் என்பார் எழுதியது. மற்றொன்று லூயிஸ் பெய்லி என்பார் எழுதியது. இரண்டும் பக்திநூல்கள். அம்மையாரின் பெயரைப் பனியன் யாண்டும் குறிக்கவில்லை. புத்தகங்களின் பெயரைக் குறித்துள்ளார். இது நமக்குச் சற்று வருத்தமாகவே உள்ளது.

இவ்வறிமுகத்திலிருந்து ஓர் உண்மை புலனாகின்றது. பனியனுக்குத் துறத்தற்குப் பெருஞ்செல்வம் எதுவும் இருந்ததில்லை. செல்வன் ஒருவன் செல்வத்தைத் துறத்தல் காண்பார்க்கு வியப்பை விளைவிக்கும். ஏழை ஒருவன், தன் பிள்ளைகளின் நாளைய உணவுக்கு வேண்டிய சிறு பொருளைத் துறக்கவேண்டி வருமாயின், அதனை வியப்பார் இலர், பழிப்பாரே உளர். பனியனுக்கு நேர்ந்தது இப்பின்னதே.

முதன் மனைவி 1658-இல் இறந்தார். குழந்தைகள் நால்வர், மூத்தவளாகிய மேரி பிறவிக்குருடு. மறுவாண்டு எலிசபெத் என்னும் இளம்பெண்ணைப் பனியன் மணந்தார். 1660 நவம்பர் 12-ஆம் நாள், அரசின் இசைவு பெறாத சமயக் கூட்டத்தில் மறையுரை ஆற்ற முற்பட்டார் என்னும் குற்றத்திற்காகச் சிறைப்படுத்தப்பட்டார். சிறைக்கதவின் திறவுகோல் ஒருவகையில் அவர் கையிலேயே இருந்தது. இனி மறையுரை ஆற்றேன் என்று ஒரு சொல் கூறியிருப்பின் வீடு திரும்பியிருக்கலாம். அச்சொல்லை அவர் கூறவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள், இடையிடையே சிறிது தளர்வு இருந்ததாயினும், அங்கேயே கழிந்தன.

சிறைபுகுந்த செய்தி கேட்டபோது எலிசபெத் கருவுற்றிருந்தார். அதிர்ச்சியால் உரிய காலத்திற்கு முன்னரே நோவுற்று, பிறந்த குழவியையும் இழந்தார். 1661 ஆகஸ்டுத் திங்களில், நகருக்கு வந்த நடுவர்கள் முன்னிலையில் கணவர் பொருட்டு முறையிடச் சென்றார். அந்நிகழ்ச்சியைப் பனியன் எழுதி வைத்திருந்தார். அது 1765-இல்தான் அச்சேறியது. சிறு குழந்தைகள் நால்வர், அவருள் ஒருத்தி குருடு, நல்லோர் இரங்கி அளிப்பதையன்றிப் பிழைக்க வேறு வழியில்லை என்று அவ்வம்மையார் கூறினார். மேத்யூ ஹேல் என்னும் நடுவர் இரங்கினார். ட்விஸ்டன் என்னும் நடுவர் சினந்தார். வறுமையைப் போர்வையாகப் போர்த்திக்கொண்டு வந்திருக்கின்றாய், உன் கணவன் தன் தொழிலைச் செய்வதைக் காட்டிலும் ஊர் சுற்றி உபதேசம் புரிந்து மிகுதியாகப் பொருள் பெறுகின்றான் என்று கேள்விப்படுகின்றேன் என்பது அவர் கூற்றின் கருத்து. கணவன் தொழில் யாதென்று ஹேல் வினவ, சூழ நின்றோர் அவன் பாத்திரம் செப்பனிடுவோன் என்றனர். எலிசபெத் உடனே, ஆம், அவர் அத்தொழிலினராகவும் ஏழையாகவும் இருத்தலினாலேயே இகழப்படுகின்றார், நீதியும் மறுக்கப்படுகின்றது என்று விடையிறுத்தார்.

இருபது அகவையை எட்டியும் எட்டாத ஒரு பெண் அரசவை போன்ற அம்மன்றில் கூறிய அவ்விடை, பாண்டியன் அவையில் நின்ற கண்ணகியை நமக்கு நினைவூட்டுவது இயல்பு. எனினும் நம் ஆராய்ச்சிக்கு வேண்டுவது ட்விஸ்டனின் குற்றச்சாட்டே. உபதேசம் என்பது பிழைப்பு. விசுவாசம் என்பது வருவாய்க்கு வழி. இதுவே அவர் கூறியது. சிறையிலிருந்த பனியன் உலோக முனை பொருத்திய நாடாக்களை நூற்றுக்கணக்கில் செய்து விற்றுக் குடும்பத்திற்கு உதவினார். அவ்வாறு நாடா முடைந்துகொண்டிருந்தவர் நெஞ்சில் இக்குற்றச்சாட்டு எத்துணை ஆழமாகத் தைத்திருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம். பிற்காலத்தே அவர் எழுதிய நூலில் மிகக் கூர்மையான பகுதி இதற்கு விடைபோல் அமைந்திருத்தலைப் பின்னர்க் காண்போம்.

சிறையிலிருந்தபோது 1666-இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒரு பகுதி நம்மைப் பலகாலும் மீண்டும் மீண்டும் படிக்கத் தூண்டியுள்ளது. மனைவி மக்களைப் பிரிதல் எலும்பினின்று தசையைப் பிய்ப்பது போன்றது என்கின்றார். குருட்டு மகள் இனி அடிபடுவாள், பசித்திருப்பாள், குளிரில் வாடுவாள். அவள்மீது காற்று வீசுவதையும் பொறுக்க மாட்டாத தாம் அவளை இந்நிலைக்கு ஆளாக்க நேர்ந்ததே என்று இரங்குகின்றார். தன் வீட்டைத் தானே இடித்து மனைவி மக்கள் தலைமேல் வீழ்த்துபவனாகத் தம்மைக் காண்கின்றார். இவ்விடத்தில் அவர்க்குத் துணை நிற்பது சாமுவேல் நூலில் வரும் இரண்டு கறவைப் பசுக்கள். உடன்படிக்கைப் பேழையை ஏற்றிய வண்டியில் அப்பசுக்களைப் பூட்டிக் கன்றுகளை வீட்டில் அடைத்துவிட்டனர். அவை கதறிக்கொண்டே, ஆயினும் வழியினின்று விலகாமல் சென்றன. விசுவாசம் பாசத்தை அழித்துவிடும் என்று கூறும் உவமை அன்று இது. பசு கதறுகின்றது; மடியில் பால் கட்டியிருக்கின்றது; வண்டியும் நகர்கின்றது. தமிழ்ப் பக்தி இலக்கியத்தில் கன்றை நினைந்து கனைக்கும் பசு, அன்பின் உவமை. ஈண்டோ அதே பசு அன்பையும் அதனை மீறிய கடமையையும் ஒருங்கே சுமக்கின்றது.

இனி நூலுக்கு வருவோம். தமிழில் மோட்சப் பிரயாணம் என வழங்கும் அந்நூலின் முதற்பாகம் 1678-இல் இலண்டனில் வெளிவந்தது. கிறித்தவன் என்னும் பெயருடையான் அழிவு நகரத்தை விட்டு விண்ணக நகர் நோக்கிச் செல்லும் பயணமே கதை. பலரும் அறிந்ததாகலின் ஈண்டு விரித்துரையாம். பொருட்பற்றைக் குறித்த காட்சிகளை மட்டும் நோக்குவோம்.

பயணத்தின் தொடக்கத்தில் பொருளுரைப்போன் இல்லத்தில் இரு சிறுவர் காட்டப்படுகின்றனர். வேட்கை என்பான் தனக்குரியதை இன்றே தருமாறு கேட்டு, ஒரு பை நிறையப் பெற்று, செலவழித்துக் கந்தலுடுத்து நிற்கின்றான். பொறுமை என்பான் காத்திருக்கின்றான். எளிய நீதிக்கதையே, பள்ளிச் சிறுவர்க்கு ஏற்றது. இதனினும் பெரியது மாயச் சந்தை. அங்கு வீடு, நிலம், பதவி, பட்டம், நாடு, அரசு, மனைவி, கணவன், மக்கள், உயிர், பொன், வெள்ளி யாவும் விலைக்குக் கிடைக்கும். கேம்பிரிட்ஜுக்கு அண்மையில் கூடிய பெருஞ்சந்தையைப் பனியன் மனத்திற்கொண்டிருக்கலாம் என்பர் ஆராய்ச்சியாளர். பயணிகள் இருவரும், உண்மையை வாங்குவோம் என்று மட்டும் கூறிக் கடக்க முற்பட, சந்தையார் அவரைப் பிடித்து வருத்தி, ஒருவனை எரித்துக் கொல்கின்றனர். பட்டியலில் மனைவியும் மக்களும் பொன்னோடு வைத்து எண்ணப்பட்டிருத்தல் கருதத்தக்கது. பொருள்களுள் சில தம்மளவில் தீயன அல்ல. விலைக்கு வைக்கப்பட்டவுடன் எல்லாம் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றன என்பதே சந்தையின் கொடுமை.

எனினும் இச்சந்தையைப் பனியன் இறுதி இடராகக் கருதவில்லை. சந்தையைத் தப்பியவர்க்கு அதற்கப்பாலேயே நுண்ணிய இடர் காத்திருக்கின்றது. நயமொழியூரினின்று வந்த ஒருவன் வழித்துணையாகச் சேர்கின்றான். வெளியே ஒன்றும் உள்ளே மற்றொன்றும் குறிக்கோளாக உடைய அவனை நாம் உட்குறியன் என்று அழைக்கலாம். அவன் பூட்டனார் படகோட்டி. ஒருபுறம் முகம் வைத்து மறுபுறம் துடுப்பு வலித்தவர். காற்றும் அலையும் எதிர்க்குமாயின் சமயத்தை விட்டுவிடுவதும், சமயம் வெள்ளி மிதியடி அணிந்து வெயிலில் உலாவுங்கால் அதனோடு உடன் செல்வதும் அவன் கொள்கை. அவனுக்கு மூன்று நண்பர்: உலகம்பற்றி, பொருள்விரும்பி, எல்லாம்காப்போன். நால்வரும் வெஃகல் நாட்டு ஆதாயநேசம் என்னும் வணிக ஊரில் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்.

இந்நண்பர் மூவரும் உரையாடும் பகுதி முதற்பதிப்பில் இல்லை. 1679-இல் வந்த மூன்றாம் பதிப்பில் பனியன் புதிதாகச் சேர்த்தது. நூல் வெளிவந்து விற்பனையாகிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் மீண்டும் எழுதுகோல் எடுத்துச் சேர்த்த பகுதி பொருளாசையைப் பற்றியதாக இருத்தல் தற்செயலானதன்று என்பது நம் கருத்து.

அவ்வுரையாடலில் பொருள்விரும்பி ஒரு வழக்கை வாதிடுகின்றான். சிறு வருவாயுடைய சமயகுரு ஒருவன் பெருவருவாயுள்ள இடத்தைப் பெற விரும்புகின்றான். அதன்பொருட்டு மிகுதியாகக் கற்கின்றான், ஊக்கத்தோடு உரையாற்றுகின்றான், மக்கள் விருப்பிற்கேற்பத் தன் கொள்கைகள் சிலவற்றையும் மாற்றிக்கொள்கின்றான். இதில் தவறென்ன? வணிகன் ஒருவன் சமயப்பற்று மேற்கொள்வதால் செல்வப் பெண்ணை மணக்கலாம், நல்ல வாடிக்கைக்காரரைப் பெறலாம் என்றால் மேற்கொள்ளட்டுமே. பத்தனாதல் நன்று, நல்ல மனைவி நன்று, வாடிக்கை நன்று, ஆதாயம் நன்று. நல்லவற்றால் நல்லவை பெறுவது நன்றே. வாதம் அளவை நூலார் முறைப்படி செம்மையாகவே உள்ளது. எதிர்த்துரைப்பார் யாருமிலர் என நால்வரும் மகிழ்கின்றனர்.

கிறித்தவன் விடை சுருக்கமானது. சமயத்தில் குழந்தையாக உள்ளவனும் இதற்கு விடை கூறுவான் என்கின்றான். அப்பத்திற்காகக் கிறித்துவைப் பின்தொடர்தலே தகாதாயின், உலகை வேட்டையாடுதற்கு அவரை மறைவிடமாகக் கொள்ளுதல் எத்துணைத் தகாதது என்பது அதன் சாரம். பின்னர்ச் சான்றுகள் அடுக்குகின்றான். யாக்கோபின் மகளையும் மந்தையையும் பெறவேண்டி அவன் சமயச்சடங்கை மேற்கொண்ட ஏமோரும் சீகேமும், நெடிய வேண்டுதலால் கைம்பெண்களின் வீடுகளைப் பட்சித்த பரிசேயரும், பணப்பையைச் சுமந்த யூதாசும், ஆவியின் ஆற்றலைப் பணங்கொடுத்து வாங்க முயன்ற சீமோனும் அச்சான்றுகள். இங்ஙனம் கூறியவன், உலகிற்காகச் சமயத்தைப் பற்றியவன் உலகிற்காகவே அதனை எறிந்தும் விடுவான் என்கின்றான்.

இப்பகுதியே நூலின் நடுநாடி என்று நாம் கருதுகின்றோம். பொருளுக்கும் விசுவாசத்திற்கும் உள்ள போட்டியில், பொருளை நேரே தேர்ந்துகொள்பவன் பனியனுக்கு அத்துணைப் பெரிய பகைவன் அல்லன். சந்தையில் கடைவிரித்திருப்பவன் தன்னை இன்னான் என்று மறைப்பதில்லை. விசுவாசத்தைப் பொருளுக்குக் கருவியாக்குபவனே பகைவன். அவன் பயணியின் உடையிலேயே வருகின்றான். திருக்குறளில் கூடாவொழுக்கம் வெஃகாமையோடு அடுத்து வைக்கப்படாமல் துறவறவியலுள் வைக்கப்பட்டது ஏன் என்று நாம் முன்பெல்லாம் ஐயுற்றதுண்டு. அவாவுடைமை யார்க்கும் உரிய குற்றம். தவக்கோலத்துள் மறைந்துநிற்கும் அவா தவத்தார்க்கே உரிய குற்றம் என்று இப்போது கொள்கின்றோம். பனியனிடம் தவக்கோலத்தார் எனத் தனியே ஒருவரும் இலர். விசுவாசி ஒவ்வொருவனும் தவத்தான் ஆகின்றமையால், கூடாவொழுக்கமும் ஒவ்வொரு வீட்டிற்கும் வந்துசேர்கின்றது.

அடுத்த காட்சி வெள்ளிச் சுரங்கம். இளைப்பாறுதல் என்னும் குறுகிய சமவெளிக்கு அப்பால் ஆதாயக் குன்று நிற்கின்றது. அதனருகே பெருமகன் போன்ற தோற்றமுடைய தேமா என்பான் நின்று வழிப்போக்கரை அழைக்கின்றான். (யாப்பிலக்கணம் கற்ற நம் மாணாக்கர் நகைக்க வேண்டா, பவுலடியாரை விட்டு உலகாசையால் பிரிந்துபோனவனின் பெயர் திருமறையில் இவ்வாறே வழங்குகின்றது.) சிறிது தோண்டினாலும் மிகுதி கிடைக்கும் என்கின்றான். உடன்செல்லும் நம்பிக்கை என்பான் பார்த்துவரலாமே என்கின்றான். கிறித்தவன் மறுக்கின்றான். அங்குள்ள நிலம் விளிம்பில் பொய்யானது. காலிட்டவர் பலர் உட்சரிந்து மாண்டனர். உட்குறியனும் நண்பரும் முதல் அழைப்பிலேயே அப்புறம் சென்றனர். அவர்கள் குழியுள் எட்டிப்பார்த்து வீழ்ந்தனரோ, தோண்ட இறங்கினரோ, அடியிலிருந்து எழும் நச்சுக்காற்றால் மூச்சடைத்தனரோ, தமக்குத் தெரியாது என்கின்றார் பனியன். அவர்களை வழியில் பின்னர் யாரும் கண்டதில்லை. கதை சொல்வோன் இவ்விடத்தில் அறியாமையை ஒப்புக்கொள்ளுதல், எரிநரகத்தை விரித்துப் பாடியிருத்தலினும் அச்சம் தருகின்றது.

பொருளைப் பற்றிப் பனியன் பொதுப்படக் கூறியதோடு நின்றவர் அல்லர். 1680-இல் வெளியிட்ட திருவாளர் தீயனின் வரலாற்றில் கடைத்தெருவின் நடைமுறைகளையே ஆராய்கின்றார். சமயப்பற்றுடையான் போல் நடித்துச் செல்வப் பெண்ணை மணத்தல், கடன்பட்டுப் பின் திட்டமிட்டு நொடித்துப்போதல், கள்ள நிறைகோல், தானியத்தைப் பதுக்கி ஏழைகளிடம் மிகுவிலை கொள்ளுதல், அடகு பிடிப்போரின் கொடுமை ஆகியன அங்கு இடம்பெறுகின்றன. இயன்றவரை மலிவாக வாங்கி இயன்றவரை உயர்த்தி விற்கலாம் என்னும் வணிக விதியை அவர் ஏற்கவில்லை. பிறன் அறியாமையையும் இடுக்கணையும் விலையாக்குதல் பாவம் என்றார். சீர்திருத்தச் சமயத்தாரின் ஒடுக்கமும் உழைப்பும் முதலாளியத்திற்கு ஊட்டம் அளித்தன என்று மாக்ஸ் வேபர் 1904–05-இல் எழுதியது பெருவழக்காகிவிட்டது. துறவு மடத்தினின்று வெளியேறி அன்றாட வாழ்வினுள் நுழைந்தது என்னும் அவர் கருத்து நமக்கும் உடன்பாடே. ஆயின் நுழைந்த துறவு எல்லாவிடத்தும் பணப்பெட்டிக்குக் காவலாயிற்று எனக் கொள்ளுதல் பொருந்தாது. 1926-இல் இப்பொருள் பற்றி எழுதிய டானி, பழைய அறநெறிப் பொருளியலின் குரல் பனியனிடம் இன்னும் ஒலிப்பதை எடுத்துக்காட்டினார். வேபரைக் கற்போர் டானியையும் கற்றல் நலம்.

வகுப்பில் இந்நூலைப் பயிற்றுங்கால் மாணாக்கர் தவறாது எழுப்பும் வினா ஒன்றுண்டு. கிறித்தவன் தொடக்கத்தில் மனைவி மக்கள் கூவி அழைப்பதையும் கேளாமல் செவியைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றானே. இது இல்லறத் துறவு ஆகுமோ, பழைய துறவுதானே என்பர். வினா கூரியது, நாமும் முழு விடை கூற இயலாதவராகவே உள்ளோம். முதற்பாகத்தை மட்டும் நோக்கின் அவர் கூற்றே வலுவுடைத்து. ஆயின் 1684-இல் பனியன் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். அதில் மனைவி கிறித்தியாள் நான்கு புதல்வரையும் அழைத்துக்கொண்டு அதே வழியில் புறப்படுகின்றாள். தனியொருவன் ஓடிய பாதையில் குடும்பம் ஒன்று நடக்கின்றது. வழியில் உண்கின்றனர், நோயுறுகின்றனர், மணவினை நிகழ்கின்றது, குழந்தைகள் பிறக்கின்றன. முதற்பாகத்தின் குறையை ஆசிரியரே உணர்ந்தார் என்று துணிந்துரைக்கச் சான்றில்லை. நான்கு புதல்வர் என்னும் எண், பெட்ஃபோர்டு வீட்டில் எலிசபெத் வளர்த்த நால்வரை நினைவூட்டுவது மட்டும் உறுதி.

அவ்விரண்டாம் பாகத்திலேதான் குப்பைவாரியோடு நிற்கும் மனிதன் வருகின்றான். அவன் தலைக்கு மேல் ஒருவர் விண்ணக முடியை ஏந்தி, வாரியைத் தந்தால் முடியைத் தருவதாகக் கூறி நிற்கின்றார். அவன் மேல்நோக்குவதில்லை; துரும்பையும் குச்சியையும் தூசியையும் வாரிக்கொண்டே இருக்கின்றான். 1906-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஊழல்களையே தேடித் திரியும் இதழாளரைச் சாட இவ்வுருவை எடுத்தாண்டமையால் அச்சொல் வேறு பொருளில் பரவிவிட்டது. பனியன் கருதியது இதழாளரை அன்று. அம்மனிதனின் கையிலுள்ள வாரி திருடிய பொருள் அன்று, உழைக்கும் கருவிதான். கருவியைப் பற்றிய கை அல்ல, குனிந்தே பழகி நிமிர மறந்த கழுத்தே அவர் காட்டும் நோய். கிறித்தியாள் அக்காட்சியைக் கண்டு, இவ்வாரியினின்று என்னை விடுவியும் என வேண்டுகின்றாள். செல்வத்தைத் தரற்க என்னும் அவ்வேண்டுதல் வழங்குவாரின்றித் துருவேறிக் கிடக்கின்றது என்கின்றான் பொருளுரைப்போன். பத்தாயிரவருள் ஒருவர்கூட அங்ஙனம் வேண்டுவதில்லையாம்.

இங்ஙனம் எழுதியவர் தம் பொருளை என்ன செய்தார் என அறிய அவாவுதல் இயல்பு. 1672-இல் விடுதலையாகி, பெட்ஃபோர்டுத் திருச்சபையின் ஆயராகப் பணியாற்றினார். நூல் அவர் வாழ்நாளிலேயே பதினொரு பதிப்புக்களைக் கண்டது. அதனால் அவர் செல்வரானார் என்பதற்குச் சான்றில்லை. 1685-இல் இரண்டாம் ஜேம்ஸ் அரியணை ஏறிய பின்னர், மீண்டும் சிறையும் உடைமைப் பறிமுதலும் நேருமோ என்னும் அச்சம் எழுந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள் பனியன் ஓர் ஆவணம் எழுதினார். அதில் தம்மை ஆயர் என்றோ நூலாசிரியர் என்றோ குறிக்கவில்லை. பாத்திரத் தொழிலாளி என்றே குறித்தார். தட்டுமுட்டு, பணம், கடன்வரவு, மோதிரம், பித்தளை, படுக்கை என எல்லா உடைமைகளையும் மனைவி எலிசபெத்துக்கு அன்பின் காரணமாக அளிப்பதாக எழுதிக் கைச்சாத்திட்டார். தம்மைச் சிறையிடின் இடட்டும். இம்முறை வீடு இடிந்து மனைவி தலைமேல் விழுதலாகாது என்பதே அதன் கருத்தாதல் வேண்டும். முதற் சிறைவாசத்தில் எழுதிய உவமையை இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பத்திரத்தாள் திருத்துகின்றது. விசுவாசத்தை முன்வைத்தவர் பொருளைப் பொருட்படுத்தாதவர் என்று கொள்வார்க்கு இவ்வாவணம் இடையூறாகவே நிற்கும். பொருளைத் தமக்கெனக் கருதாமையும், பிறர்க்கு அது வேண்டுமென்பதை மறவாமையும் ஒருவரிடமே நிகழக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்றை நூல்களில் நாம் கண்டதில்லை.

1688 ஆகஸ்டில், மனம் வேறுபட்டிருந்த தந்தை மகன் இருவரை ஒன்றுசேர்க்க ரெடிங் நகர் சென்று, மழையில் நனைந்து குதிரைமேல் இலண்டன் வந்த பனியன், காய்ச்சலுற்று அத்திங்கள் 31-ஆம் நாள் இறந்தார். ஆவணத்தை அவர் வீட்டில் எங்கோ மறைத்து வைத்திருந்தார். எலிசபெத்துக்கு அது கிடைக்கவில்லை. ஆதலின் உரிமைக்காக நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. அங்கு மதிப்பிட்டுப் பதிவான அவர் உடைமை முழுவதும் நாற்பத்திரண்டு பவுன் பத்தொன்பது ஷில்லிங். மறைத்த ஆவணம் நெடுங்காலத்திற்குப் பின்னரே அவ்வீட்டில் கண்டெடுக்கப்பட்டது.